குழந்தைப்பேற்று ஆய்வுகூட வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு: பயத்தை வீட்டுக்குக் கொண்டுவராமல் இருக்கச் சில வழிகள்

கோணேசர் கோயிலடியில், பாறை விளிம்பில் நிற்கும் மரத்தில் சின்னச் சின்னத் தொட்டில்கள் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளை வரம் கேட்டுக் கட்டியவை. ஆய்வுகூடத்தில் கருவை வளர்க்கும் வேலைக்குப் போவதற்கு முன்பு நான் அவற்றை நின்று பார்த்ததுகூட இல்லை. வேலையில் சேர்ந்து முதல் லீவில் ஊருக்கு வந்தபோது அந்த இடத்தில் நிற்கவே முடியவில்லை. ஒவ்வொரு தொட்டிலும், நான் இன்கியூபேட்டருக்குள் வைத்துவிட்டு வந்த ஒவ்வொரு டிஷ்ஷாகத் தெரிந்தது. அம்மா அர்ச்சனைத் தட்டோடு உள்ளே போக, நான் இறங்கி வந்து கோட்டைக்குள் மான்கள் மேயும் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு இளகிய மனசு என்று அம்மா பெரியம்மாவிடம் சொன்னார். அது வேலைக் களைப்பு என்று எனக்கே விளங்க மூன்று வருடம் பிடித்தது.

இப்போது ஊரோடு வந்துவிட்டேன். திருகோணமலையில் ஒரு சிறிய தனியார் ஆய்வுகூடத்தில் விந்துப் பரிசோதனை செய்கிறேன். மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பம் படித்தவர்கள், விலங்கியல் படித்தவர்கள் என்று இடைக்கிடை யாராவது வந்து, "அக்கா, ஐவிஎஃப் லேப்பில வேலை கிடைச்சிருக்கு, போகலாமா?" என்று கேட்கிறார்கள். ஐவிஎஃப் என்பது முட்டையையும் விந்தையும் உடம்புக்கு வெளியே சேர்த்துக் கருவாக்கும் சிகிச்சை. கொழும்புக்குப் போகிறவர்கள்தான் கூட. யாழ்ப்பாணம், சென்னை, வளைகுடா என்று போகிறவர்களும் உண்டு. அவர்களிடம் வாயால் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். படிப்பு, சம்பளம், விசா எதையும் தொடவில்லை. அந்த அறைக்குள் ஆள் கெட்டுப்போகாமல் எப்படி இருப்பது என்பது மட்டும்தான்.

முதலில், இந்த வேலை எங்கே அழுத்தும்?

மனிதக் கருமுட்டை ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. அதை விந்தோடு சேர்த்து வைப்பது, அல்லது இக்சி முறையில் ஒற்றை விந்தணுவை ஊசியால் உள்ளே விடுவது, பிறகு 37 பாகை செல்சியஸில் ஐந்தாறு நாள் வளர்ப்பது. எம்பிரியோலொஜிஸ்ட்டின் வேலை சுருக்கமாக இவ்வளவுதான். விந்து சேர்த்த 16 முதல் 18 மணி நேரத்துக்குள் கருக்கட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். முட்டைக்குள் இரண்டு வட்டங்கள் தெரியும், பிந்தினால் மறைந்துவிடும். மூன்றாம் நாள் எட்டுக் கலம், ஐந்தாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட், அதாவது உள்ளே நீர் கோத்த பந்து மாதிரிக் கரு. இந்த மணிக்கூட்டுக்குப் போயாவும் தெரியாது, ஹஜ்ஜுப் பெருநாளும் தெரியாது. பொங்கலுக்கு முதல் நாள் முட்டை எடுத்தால், பொங்கலன்று காலை வீட்டில் பால் பொங்கும்போது நீங்கள் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் இருப்பீர்கள்.

மற்ற லேப்பில் ஒரு இரத்த மாதிரி கெட்டுப்போனால் மன்னிப்புக் கேட்டு இன்னொரு தரம் குத்தி எடுக்கலாம். இங்கே அந்த இன்னொரு தரம் என்பது ஒருவருக்கு அடகு வைத்த தாலிக்கொடி, இன்னொருவருக்கு நாற்பதைத் தாண்டிய வயதில் கிடைத்த இரண்டே முட்டை. இது தெரிந்த கை நடுங்கத்தான் செய்யும்.

இதற்குமேல், நீங்கள் யாருக்கும் தெரியாத ஆள். கேக்கும் பூங்கொத்தும் டொக்டரின் அறையோடு நின்றுவிடும். 1978 ஜூலை 25ஆம் திகதி இங்கிலாந்தின் ஓல்டாமில் உலகின் முதல் ஐவிஎஃப் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தபோதும் கதை இதுதான். அந்தக் கருவை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்தவர் ஜீன் பர்டி, தாதியாகப் படித்தவர். அந்தச் சாதனைக்காக வைத்த பெயர்ப்பலகையில் அவர் பெயரையும் போடச் சொல்லி, அவரோடு வேலை செய்த விஞ்ஞானி ராபர்ட் எட்வர்ட்ஸ் எழுதிக் கேட்டும் போடவில்லை. பர்டி 1985இல் 39 வயதில் இறந்துபோனார். எட்வர்ட்ஸுக்கு 2010இல் நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் தொழிலின் முதல் ஆளுக்கே இந்த நிலைமை என்றால், உங்களுக்கு யாராவது நன்றி சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

படி 1: சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை

நேர்முகத் தேர்வில் அவர்கள் உங்களைக் கேட்பார்கள். நீங்களும் கேளுங்கள். தலைகுனிந்து "சரி சேர், சரி மேடம்" என்று சொல்லிவிட்டு வருவது எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் பழக்கம். நானும் அப்படித்தான் வந்தேன்.

முதல் கேள்வி, லேப்பில் எத்தனை பேர்? ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கமான எஷ்ரேயின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டல், வருடத்துக்கு 150 சுழற்சி (ஒருவருக்கு ஒரு தரம் செய்யும் சிகிச்சை ஒரு சுழற்சி) வரை செய்கிற சிறிய ஆய்வுகூடத்துக்கே தகுதிபெற்ற இரண்டு பேராவது வேண்டும் என்கிறது. எங்கள் பக்கத்தில் ஒரே ஆளை வைத்து ஓட்டுகிற இடங்கள் உண்டு. ஒரே ஆள் என்றால் உங்களுக்குக் காய்ச்சல் வரக்கூடாது, அப்பா சாகக்கூடாது. அப்படியான இடத்தில் முதல் வேலையாகச் சேராதீர்கள், சம்பளம் இரண்டு மடங்கு என்றாலும். இந்தக் கட்டுரையில் நான் அடித்துச் சொல்கிற விஷயம் இது ஒன்றுதான்.

அப்புறம், வேலை நாள்தோறும் வருமா, தொகுதியாக வருமா என்று கேளுங்கள். சின்ன இடங்களில் பத்துப் பதினைந்து பெண்களை ஒரே காலத்தில் தயார்ப்படுத்தி, ஒரே கிழமையில் முட்டை எடுப்பார்கள். அதை 'பெட்ச்' என்பார்கள். பெட்ச் நடக்கும் பத்து நாளும் உங்களுக்கு வீடு இல்லை. முடிந்த பின் ஈயோட்டலாம். இந்தத் தாளம் சிலருக்குப் பிடிக்கும். சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்குச் சரிவராது.

இரவில் அலாரம் அடித்தால் யாருடைய போனுக்கு வரும், அதற்குக் காசு உண்டா, எத்தனை மாதம் பயிற்சி, யார் பார்த்து "இனி நீயாகச் செய்யலாம்" என்று கையெழுத்து வைப்பார் என்பவற்றையும் கேட்டு, கிடைக்கும் பதில்களை நியமனக் கடிதத்தில் போடச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

படி 2: முதல் கிழமை உடம்புக்கு

யாரும் சொல்லித்தராத பகுதி இது. மூத்தவர்கள் கழுத்துவலியைத் தொழிலின் பதக்கம் மாதிரிச் சொல்லிக்கொள்வார்கள். பதக்கம் ஒன்றும் இல்லை, கதிரை சரியில்லை.

மைக்ரோஸ்கோப்புக்கு உங்களைக் கொண்டுபோகாதீர்கள். மைக்ரோஸ்கோப்பை உங்களிடம் கொண்டுவாருங்கள். முதலில் கதிரையை உயர்த்தி, பாதம் தரையில் முழுதாகப் படுகிறதா என்று பாருங்கள். படாவிட்டால் காலுக்கடியில் ஒரு பலகை. பிறகு கண்வில்லை உங்கள் கண்ணுக்கு நேராக வரும் வரை மைக்ரோஸ்கோப்பைக் கிட்ட இழுங்கள். நாடி முன்னுக்கு நீண்டால் உயரம் பிழை. முழங்கை இரண்டும் மேசையில் தங்க வேண்டும். இக்சி செய்யும்போது தோள் காதுப் பக்கம் ஏறியிருந்தால் அன்றிரவு தலையணை வைக்க முடியாது. உங்களுக்கு முன் அந்தக் கதிரையில் இருந்தவர் உங்களைவிட ஒரு சாண் உயரமாக இருந்திருக்கலாம். ஒவ்வொரு காலையும் சரிசெய்யுங்கள். கேலி செய்வார்கள், செய்யட்டும்.

தண்ணீர் அடுத்தது. லேப்புக்குள் குடிக்க முடியாது. வெளியே போனால் உடுப்பு மாற்றி, கை கழுவி, தொப்பி போட்டு மறுபடி வர வேண்டும். அதற்குப் பஞ்சிப்பட்டுப் பெண் பிள்ளைகள் காலை ஏழு மணியிலிருந்து ஒரு மணி வரை தண்ணீரும் குடிக்காமல், கழிப்பறைக்கும் போகாமல் இருப்பார்கள். பிறகு சிறுநீரில் கிருமி, காய்ச்சல், லீவு. ஒரு நோயாளியின் வேலைக்கும் அடுத்தவரின் வேலைக்கும் நடுவில் பத்து நிமிடம் வெளியே போவதை நேரசூசியிலேயே போடுங்கள். "களைத்தால் போவேன்" என்று விட்டால் போகவே மாட்டீர்கள்.

தேத்தண்ணிக்கும் ஒரு வார்த்தை. முட்டை எடுப்பு நாளில் நாலு சாயத்தண்ணி குடித்துவிட்டு ஊசியைப் பிடித்தால் விரல் ஆடும். வெறும் வயிறும் அப்படியே. வெள்ளிக்கிழமை விரதக்காரரும் நோன்பு பிடிக்கிறவர்களும் ஊசி வேலையைக் காலையில் முடிக்க முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். என்னோடு வேலை செய்த கிண்ணியாத் தங்கச்சி நோன்பு மாதம் முழுக்கப் பின்னேர இக்சியை என்னிடம் தந்துவிட்டு, என் வெள்ளிக்கிழமைகளை எடுத்துக்கொள்வாள். ஒரு சண்டையும் வந்ததில்லை.

இன்னொன்று, எங்கள் ஊர்க்காரருக்கு மட்டும். கருவுக்குக் காற்றில் மிதக்கும் வாசனைப் பொருள்கள் ஆகாது என்று ஆய்வுகூடங்கள் மிகக் கவனமாக இருக்கும். சென்ட் கூடாது என்று எல்லாரும் சொல்லித்தருவார்கள். மல்லிகைப் பூ, அத்தர், சந்தனப் பொட்டு, தலைக்கு வைத்த வாசனை எண்ணெய் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு நேரே வேலைக்குப் போன ஒரு பிள்ளையைக் கதவிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். அவள் அழுதது பூவுக்காக இல்லை, எல்லார் முன்னாலும் சொன்னதற்காக. முன்பே தெரிந்திருந்தால் பூவைப் பையில் வைத்திருப்பாள்.

படி 3: தலையில் சுமப்பதைத் தாளில் இறக்குங்கள்

இந்தப் படிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

வேலையில் சேர்ந்த முதல் வருடம், ஒரு வெள்ளிக்கிழமை இரவு ரயிலில் ஊருக்கு வந்துகொண்டிருந்தேன். கல்ஓயாச் சந்தியில் ரயில் நின்றபோது திடுக்கிட்டு விழித்தேன். கீழ்த்தட்டு இன்கியூபேட்டரின் உள்கதவை மூடினேனா? வெளிக்கதவை மூடியது நினைவிருக்கிறது. உள்கதவு நினைவில்லை. நடுச்சாமம் தாண்டிவிட்டது. காவலாளியை எழுப்பினால் அவரால் உள்ளே போக முடியாது. கடைசியில் மூத்தவரை எழுப்பினேன். அவர் வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோ பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார், "மூடித்தான் இருக்கு. படு." நான் படுக்கவில்லை. தம்பலகாமம் வரும் வரை யன்னலோரம் உட்கார்ந்தே வந்தேன். அடுத்த கிழமையும் அதே பயம். அதற்கடுத்த கிழமை, லேப்பைப் பூட்டிவிட்டு மூன்று தரம் திரும்பிப் போய்ப் பார்த்தேன்.

இதைப் பொறுப்புணர்ச்சி என்று பாராட்டுகிறவர்கள் உண்டு. ஏமாறாதீர்கள். கை செய்த வேலையை மூளை பதியவில்லை என்பதுதான் அதன் பொருள். ஒரே அசைவை நாளுக்கு நாற்பது தரம் செய்தால் நாற்பத்தோராவது தரம் நினைவில் நிற்காது. அதற்கு மருந்து நினைவாற்றல் அல்ல, சீட்டு.

செய்யும் முறை இது. கால்தாள் ஒன்று எடுங்கள். பூட்டும் முன் பார்க்க வேண்டியவற்றை, நீங்கள் நடந்துபோகும் வழியின் ஒழுங்கிலேயே எழுதுங்கள்: இன்கியூபேட்டர் ஒவ்வொன்றின் உள்கதவு, வெளிக்கதவு, திரையில் காட்டும் வெப்பநிலையும் காபனீரொட்சைட்டு அளவும், வாயு உருளையின் அழுத்தம், முட்டைகளையும் கருக்களையும் உறையவைத்திருக்கும் நைதரசன் தாங்கிகளின் மட்டம், அலாரம் இயங்கு நிலையில் இருக்கிறதா, நாளைக்கு முதல் ஆளாக வருபவர் யார். சரி என்று கோடு மட்டும் போடாதீர்கள். திரையில் தெரியும் எண்ணை எழுதுங்கள். எண்ணை எழுத வேண்டுமென்றால் கண் பார்த்தே ஆக வேண்டும். கோடு போடக் கண் தேவையில்லை. கீழே நேரம், கையெழுத்து. பிறகு சீட்டைப் போனில் படம் எடுங்கள். நோயாளியின் பெயர் அதில் இருக்கக்கூடாது, அது முக்கியம். கல்ஓயாவில் விழிப்பு வந்தால் படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுக்கலாம். எனக்கு வேலை செய்தது இதுதான். இரண்டு மாதத்தில் படத்தைத் திறந்து பார்ப்பதையே மறந்துவிட்டேன்.

இரட்டைச் சாட்சியையும் இதே கண்ணால் பாருங்கள். டிஷ் மாறும் ஒவ்வொரு இடத்திலும் இன்னொருவர் வந்து பெயரையும் இலக்கத்தையும் வாய்விட்டு வாசித்துக் கையெழுத்து வைக்கும் முறை அது. புதியவர்கள் இதைத் தங்கள் மீதான சந்தேகம் என்று எடுத்துக்கொண்டு கூசுவார்கள். மூத்தவர் அலுத்துக்கொண்டால், "பரவாயில்லை, நானே பார்த்திட்டன்" என்று விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். இரண்டாவது கையெழுத்து விழுந்த கணத்தில் அந்தப் பயத்தில் பாதி அவருடையதாகிவிடுகிறது. அலுக்கிறவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருங்கள். கையெழுத்தைப் பிறகு மொத்தமாக வைப்போம் என்று சொல்கிற இடமென்றால், அங்கே அழுத்தம் குறைய வழியே இல்லை. நீங்கள் தனியாகச் சுமப்பதற்காகவே அந்த இடம் அமைந்திருக்கிறது.

மூன்றாவது சுமை அலாரம். 2018 மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஒரு நைதரசன் தாங்கி சூடாகி, 4,000க்கு மேற்பட்ட முட்டைகளும் கருக்களும் போயின. வெளியே இருப்பவர்களுக்கு அறிவிக்கும் தூர அலாரம் நிறுத்தப்பட்டிருந்தது. இதைப் படித்துவிட்டு இரவில் தூங்காமல் இருப்பதில் பயன் இல்லை. மாதத்துக்கு ஒரு தரம், பகலில், எல்லாரும் இருக்கும்போது அலாரத்தை வேண்டுமென்றே அடிக்கவிட்டுப் பாருங்கள்: யார் போன் ஒலிக்கிறது, எத்தனை நிமிடத்தில். ஓன் கோல் ஆளின், அதாவது அன்றிரவு அலாரம் அடித்தால் போக வேண்டியவரின், பெயர் கதவில் எழுதியிருக்கட்டும். உங்கள் முறை இல்லாத இரவில் போனைச் சத்தமில்லாமல் வையுங்கள். முதல் மாதம் கை பரபரக்கும். வையுங்கள்.

திரவ நைதரசன் பற்றிச் சுருக்கமாக: −196 பாகை, ஒரு லீற்றர் ஆவியானால் ஏறக்குறைய 700 லீற்றர் வாயு, மூடிய அறையில் ஒட்சிசனைத் தள்ளிவிடும், மணமே இருக்காது. ஒட்சிசன் அளவு காட்டும் கருவி இல்லாத அறையில் தனியாக நிரப்ப மறுத்துவிடுங்கள். நிரம்பிய தாங்கியோடு லிஃப்டில் ஏறாதீர்கள்.

படி 4: கை பிசகும் நாளில்

அந்த நாள் வரும். எனக்குப் பதினொராவது மாதம் வந்தது. இக்சியில் ஊசி உள்ளே போனதும் முட்டை பொங்கிக் கறுத்துச் சிதைந்தது. ஐந்து முட்டையில் ஒன்று. மூத்தவர் ஒன்றும் சொல்லாமல், "அடுத்தது" என்றார். அவர் பேசாமல் விட்டது கருணையா கோபமா என்று தெரியாமல் நான் ஒரு கிழமை சாப்பிடவில்லை.

அப்போது யாராவது எனக்கு இந்த எண்களைச் சொல்லியிருக்கலாம். துறையினர் கூடி 2017இல் வெளியிட்ட வியன்னா அளவுகோல்களின்படி, இக்சியில் சிதையும் முட்டைகள் 100க்கு 10க்குள் இருந்தால் ஆய்வுகூடம் தேர்ச்சி. 5க்குள் இருந்தால் மிகச் சிறப்பு. பூச்சியம் என்று யாரும் எழுதவில்லை. சில முட்டைகளின் மென்சவ்வு யார் குத்தினாலும் கிழியும். இந்த அளவுகோல்களை முகாமையாளர்கள் உங்களை அளக்க வைத்திருக்கிறார்கள். நீங்கள் உங்களை மன்னிக்கவும் அவற்றைப் பயன்படுத்தலாம். சொந்தக் கணக்கை மாதந்தோறும் எழுதுங்கள். ஒரு நாளின் கணக்கைப் பார்க்காதீர்கள், ஐம்பது முட்டையின் கணக்கைப் பாருங்கள். அப்போதும் 10ஐத் தாண்டினால் அழுவதை விட்டுவிட்டு ஊசியின் கோணம், முட்டையைப் பிடிக்கும் பைபெட், நேரம் என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். மூத்தவரைப் பக்கத்தில் இருத்திச் செய்யுங்கள்.

டிஷ் கவிழ்ந்தது, லேபல் மாறியது போன்ற உண்மையான தவறு என்றால் செய்ய வேண்டியது வேறு. கையை எடுங்கள். எதையும் திருத்தப் போகாதீர்கள். பக்கத்தில் இருப்பவரைச் சத்தமாகக் கூப்பிடுங்கள். மீட்க முடிந்ததை இருவருமாக மீட்ட பிறகு, அன்றைக்கே நாலு வரி எழுதுங்கள்: எத்தனை மணி, என்ன நடந்தது, உடனே என்ன செய்தோம், யாருக்குச் சொன்னோம். ஏன் நடந்தது என்பதை அன்று எழுத வேண்டாம். அன்று எழுதினால் "என் கவனயீனம்" என்றுதான் வரும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், அன்று காலை ஒன்பது பேருக்கு ஒரே நேரத்தில் முட்டை எடுத்தார்கள் என்பதும், உதவிக்கு இருந்தவரைக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பியிருந்தார்கள் என்பதும் தெரியவரும். நோயாளியிடம் சொல்வது டொக்டரின் கடமை. சொல்லப்பட்டதா என்று கேட்டு உறுதிசெய்வது உங்கள் கடமை. மறைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். தவறின் பாரம் நாளாக நாளாகக் குறையும். மறைத்ததின் பாரம் அப்படிக் குறைந்து நான் பார்த்ததில்லை.

படி 5: பதினாலாம் நாள் முடிவுகள்

நல்ல பிளாஸ்டோசிஸ்ட் ஒன்றைக் கருப்பையில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் வீதம், அதே வியன்னா அளவுகோலில், தேர்ச்சிக்கு 100க்கு 35, மிகச் சிறந்த இடத்துக்கு 60. உலகத்தின் சிறந்த கைகளிலேயே பத்தில் நாலு ஒட்டாது. இதை முதல் நாளே சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

புதிதில் நான், கரு தங்கியதா என்று பதினாலாம் நாள் பார்க்கும் ஒவ்வொரு இரத்த முடிவையும் கணினியில் தேடித் தேடிப் பார்ப்பேன். 'இல்லை' என்று வந்தால் அன்றைய இக்சி முழுக்க அந்தப் பெண்ணின் முகம். பிறகு நாங்கள் நாலு பேரும் சேர்ந்து ஒரு முறைக்கு வந்தோம்: மாதத்தில் ஒரு பின்னேரம், எல்லா முடிவுகளையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது, இடையில் தேடுவதில்லை. கூட்டமாகப் பார்த்தால் எங்கே பிழை, எங்கே இயற்கை என்று பிரித்துப் பார்க்க முடிகிறது. வடையும் பிளேன்டீயும் இருக்கும். பிள்ளை பிறந்த செய்திகளையும் அன்றைக்கே வாசிப்போம். அதை மறக்க வேண்டாம்.

ஆனாலும் சில கருக்கள் மனதில் தங்கும். ஆள் செத்தால் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய்ச் செய்ய எங்களுக்கு ஒரு சடங்கு இருக்கிறது. மூன்றாம் நாளோடு பிரியாமல் நின்றுபோன கருவுக்கு எனக்குத் தெரிந்த எந்தச் சமயத்திலும் சடங்கு இல்லை. மருத்துவக் கழிவுப் பையில் போடுகிறோம், பதிவேட்டில் எழுதுகிறோம். என்னோடு இருந்த ஒருவர் கழிவுப் பையைக் கட்டும்போது ஒரு நிமிடம் பேசாமல் நிற்பார். நாங்கள் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. உங்களுக்கும் அப்படி ஏதாவது தோன்றினால் செய்யுங்கள்.

பிள்ளைக்காகக் காத்திருக்கும் ஒருவரே இந்த வேலையில் இருந்தால் நிலைமை இன்னும் கடினம். மற்றவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: பிள்ளை பிறந்த குடும்பங்கள் கைக்குழந்தையோடு வரும் நாளில் அவரை முன்னால் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள்.

படி 6: ஊர் வாய்

திருகோணமலை சின்ன ஊர். கொழும்பில் வேலை செய்தாலும் எங்கள் ஆட்கள் அங்கேதான் வருவார்கள். பெயர்ப்பட்டியலில் ஒரு நாள் தெரிந்த பெயர் வரும். அந்தக் கோப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை, "தெரிந்தவர்" என்றால் போதும். அதே ஆட்களை உப்புவெளிக் கடற்கரையில் பிள்ளையோடு கண்டால், அவர்கள் சிரித்தால் சிரியுங்கள். அவர்கள் பார்க்காத மாதிரிப் போனால் நீங்களும் கடலைப் பாருங்கள்.

கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது கேட்பார்கள்: "பிள்ளை, எங்கட பக்கத்து ஆக்கள் ஆரும் அங்க வாறவையோ?" இதற்குப் பதிலை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். என் பதில்: "எனக்கு இலக்கம்தான் மாமி தெரியும், ஆளைத் தெரியாது." பாதி உண்மை. சோறு இறங்கும்.

கல்யாணமாகாத பெண்பிள்ளை விந்துப் பரிசோதனை செய்கிறாள் என்பது சிலருக்குச் சிரிப்பு, சிலருக்கு வெறுப்பு. எனக்கு வந்த ஒரு சம்பந்தம் அதில்தான் நின்றது. அம்மாவுக்கு அது பெரிய காயம். "நீ இன்னும் எத்தினை நாளைக்கு மற்றவையின்ர பிள்ளையளை எண்ணிக்கொண்டு இருக்கப்போறாய்?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டார். பதில் சொல்லாமல், அடுத்த தரம் கொழும்புக்கு வந்தபோது, டொக்டரின் அனுமதியோடு பயிற்சிப் படம் ஒன்றைக் காட்டினேன்: ஐந்தாம் நாள் கரு ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும் படம். நீண்ட நேரம் பார்த்தார். "கோழிக்குஞ்சு மாதிரி" என்றார். வீட்டில் ஒருவருக்காவது உங்கள் வேலை என்னவென்று விளங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் களைத்து வரும் நாளில் "சும்மா கதிரையில இருந்துதானே வாறாய்" என்பார்கள்.

படி 7: லீவு

பெட்ச் திகதி வந்தவுடனே, அது முடியும் நாளுக்கு அடுத்த நாள் இரவு ரயிலுக்கு இடம் பதியுங்கள். முடிந்த பிறகு பார்ப்போம் என்றால் அடுத்த பெட்ச் வந்துவிடும். மாரி காலத்தில் ஒரு நாளைக் கூட்டி வையுங்கள். வந்த முதல் நாள் உறவினர் வீடு ஒன்றுக்கும் போகாதீர்கள். நித்திரைதான்.

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் வெட்டப்பட்டபோது, டீசலுக்கு வரிசையில் நின்றுகொண்டே ஜெனரேட்டரை நினைத்து நடுங்கினோம். அந்தக் காலத்தில் யாரும் லீவு கேட்கவில்லை. அதற்குப் பிந்திய ஆறு மாதத்தில் எங்கள் நாலு பேரில் இரண்டு பேர் வேலையை விட்டார்கள். நெருக்கடியில் தாக்குப்பிடித்துவிட்டு, எல்லாம் அடங்கிய பிறகு விழுவார்கள். அப்படிப்பட்ட காலம் முடிந்ததும், நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் லீவு எடுங்கள்.

படி 8: எப்போது உதவி தேடுவது

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வேலைக் களைப்புக்கு மூன்று அடையாளம் சொன்னது: ஆள் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி ஏளனம் வருவது, நான் எதற்கும் உதவமாட்டேன் என்ற எண்ணம். இரண்டாவதைத்தான் எல்லாரும் தவறவிடுகிறார்கள். நோயாளியை "அந்த இரண்டு முட்டைக் கேஸ்" என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கினால் கவனியுங்கள். நித்திரையில்லாமை, பூட்டிய கதவைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது, காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வயிற்றைப் புரட்டுவது ஆகியவை இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் கோயில் நூல் கட்டுங்கள், கூடவே ஒரு வைத்தியரையும் பாருங்கள். அரச வைத்தியசாலை மனநலக் கிளினிக்கில் காசு கட்டத் தேவையில்லை. ஊரில் போக வெட்கமென்றால் கொழும்பிலேயே போங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. 1333க்கும் அழைக்கலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் ஒரு தரம் வந்தாலும் அன்றைக்கே அழையுங்கள், இரண்டு கிழமை பார்க்க வேண்டாம்.

வேலையை விட முடிவெடுத்தால், அதைப் பெட்ச் நடக்கும் நாளில் எடுக்காதீர்கள். முடிந்து நாலு நாள் நித்திரை கொண்ட பிறகு எடுங்கள். அப்போதும் விடத்தான் தோன்றினால் விடுங்கள். கையில் உள்ள திறமை எங்கேயும் போகாது. விந்துப் பரிசோதனை, தரக் கட்டுப்பாடு, பயிற்சி என்று இதே துறையில் அலாரம் இல்லாத வேலைகள் இருக்கின்றன. போகும் முன் நைதரசன் தாங்கிகளின் பட்டியலை வாங்குபவரோடு நின்று, குவளை குவளையாக எண்ணி, இருவரும் கையெழுத்து வைத்து ஒப்படையுங்கள். அலாரப் பட்டியலிலிருந்து உங்கள் போன் இலக்கத்தை உங்கள் கண்முன்னே எடுக்கச் சொல்லுங்கள். என்னுடையதை எடுக்க மறந்துவிட்டார்கள். ஊருக்கு வந்து ஐந்தாம் மாதம், விடியற்காலை மூன்று மணிக்கு அது அடித்தது.